ஸ்மார்ட் பிளக், கோத்தகிரி மழை, எங்கோ இருக்கும் சர்வர்: ஒரு நீண்ட பயன்பாட்டு அனுபவம்

கொடைக்கானலில் சிறிய தங்கும் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் மூன்று ஸ்மார்ட் பிளக்குகளின் (கைப்பேசியிலிருந்தே போட்டு அணைக்கும் பிளக்) படங்களை அனுப்பி, "இதில் எது நல்லது? எல்லாம் தள்ளுபடியில் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்" என்று கேட்டார். மூன்றும் வெவ்வேறு பிராண்டு, விலையிலும் வித்தியாசம். மூன்றும் ஒன்றுதான் என்று பதில் அனுப்பினேன். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். கோத்தகிரியில் இந்த வகைப் பொருள்களோடு சில மழைக்காலங்களைத் தள்ளியவன் என்ற தகுதி எனக்கு உண்டு. தற்சமயம் எங்கள் வீட்டு இணையம் அறுந்து கிடக்கிறது, இதைக் கைப்பேசி டேட்டாவில் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். சூடு அதிகமாகத் தெரிந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

நானும் தொடக்கத்தில் மூன்று பிராண்டு வாங்கியவன்தான். ஒன்று பிளக், ஒன்று பல்பு, ஒன்று வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறிய சென்சார். ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி. மூன்றாவது செயலியைத் திறந்தபோதுதான் சந்தேகம் வந்தது. வலது மேல் மூலையில் அதே கூட்டல் குறி. "விளக்கு வேகமாக மினுங்குகிறதா, மெதுவாக மினுங்குகிறதா" என்று அதே கேள்வி. கணக்கு தொடங்கும்போது அதே வரிசையில் நாடு, மின்னஞ்சல், சரிபார்ப்பு எண். நிறமும் லோகோவும் மட்டும் வேறு. மூன்றையும் நீக்கிவிட்டு, அவற்றின் பின்னால் இருந்த தளத்தின் பொதுச் செயலியை இறக்கினேன். மூன்று பொருளும் மறுபேச்சில்லாமல் அதில் சேர்ந்துகொண்டன.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை, பெட்டியின் மேல் எழுதுவதில்லை, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் பெரிய பெயர் துயா. 2014-இல் சீனாவின் ஹாங்ஜோ நகரில் தொடங்கி, 2021-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போன நிறுவனம். பல்போ பிளக்கோ விற்க நினைக்கும் ஒருவருக்கு வைஃபை சிப்புள்ள மாட்யூல், கிளவுட் சர்வர் (இணையம் வழியாக எட்டும், எங்கோ ஓடும் கணினி), பிராண்டு பெயர் ஒட்டிய செயலி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். விற்பவர் ஒரு வரி மென்பொருள்கூட எழுத வேண்டியதில்லை. ஷென்சென்னில் இருந்து வரும் ஈவீலிங்க் இதே வேலையைச் செய்யும் இன்னொரு தளம். என் வீட்டுப் பொருள்களின் பின்னால் இருப்பது எது என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை ஒரு நிறுவனத்தின் குறை என்பதைவிட இந்த ஏற்பாட்டின் குறை.

பொருளாகப் பார்த்தால் குறையே இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும், மழை நாளில் விளக்குகள் கண்ணடிக்கும். இந்த மலிவான பிளக்குகளில் ஒன்றுகூடக் கருகவில்லை. இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும் என்று பலர் குறை சொல்வார்கள். கனத்த கருங்கல் சுவர் வைத்த பழைய வீட்டில் இருப்பவனுக்கு அதுதான் வரம். 5 கிகாஹெர்ட்ஸ் இங்கே அடுத்த அறைக்கே போய்ச் சேராது.

இனி என் வழக்குக்கு வருகிறேன். வழக்கு ஒரு பீரோவைப் பற்றியது.

மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மழைமாதங்களில் மூடிய அலமாரிக்குள் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். தோல் பெல்ட்டில் வெள்ளை படரும், பட்டுப்புடவையில் புள்ளி விழும், புத்தகத்தின் முதுகு நொந்துபோகும். அதற்கு இங்கே பழைய வைத்தியம் ஒன்று உண்டு. பீரோவின் அடித்தட்டில் துணி படாதபடி ஒரு குண்டு பல்பைப் பொருத்தி எரியவிடுவது. எல்இடி உதவாது, சூடு வேண்டும். நாற்பது வாட் போதும். இரவும் பகலும் எரிந்தால் கரன்ட் பில் ஏறும், துணியும் காய்ந்து போகும். அதனால் நான் சென்சாரைப் பீரோவுக்குள் வைத்து, பல்பை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி, செயலியில் ஒரு விதி எழுதினேன்: ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் எரியட்டும், 60-க்குக் கீழே இறங்கினால் அணையட்டும்.

அருமையாக வேலை செய்தது. பூஞ்சை அறவே நின்றது. யார் வீட்டுக்கு வந்தாலும் பீரோவைத் திறந்து காட்டும் அளவுக்கு எனக்குப் பெருமை.

பிறகு வடகிழக்குப் பருவமழை வந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தது, கேபிள் போனது, ரூட்டரில் சிவப்பு விளக்கு. பீரோவைத் திறந்தால் சென்சாரின் சிறிய திரையில் 88 சதவீதம் என்று தெளிவாகத் தெரிகிறது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி பிளக் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது. பல்பு எரியவில்லை. ஏனென்றால் நான் எழுதிய விதி பீரோவில் இல்லை, பிளக்கில் இல்லை, ரூட்டரிலும் இல்லை. அது கிளவுட்டில் இருக்கிறது. சென்சார் தான் அளந்ததை மலை இறங்கி எங்கோ ஒரு தரவு மையத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த மையம் விதியைப் படித்துப் பார்த்துவிட்டு, பிளக்குக்குக் கட்டளையைத் திரும்ப மலையேற்றி அனுப்ப வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இருவர் பேசிக்கொள்ள மேட்டுப்பாளையத்துக்கு ஆள் அனுப்பும் கதை இது.

இணையம் இருக்கும்போது இந்தப் பயணம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதே இல்லை. எரிச்சலூட்டுவதே அதுதான். நன்றாக ஓடும் நாளில் ஒளிந்துகொண்டு, தேவைப்படும் நாளில் பல்லைக் காட்டும் கோளாறு. எங்களுக்கு ஈரம் அதிகமாகும் நாளும் கேபிள் அறுகிற நாளும் ஒரே நாள்தானே! எதிர்த்திசையிலும் இது நடந்தது. எரிந்துகொண்டிருந்தபோது இணையம் போனதால் அணைக்கும் கட்டளை வராமல், பல்பு விடிய விடிய எரிந்தது. என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, "பல்பை எரியவிட்டால் தீர்ந்தது. இதற்கு எதற்கு மாப்பிள்ளை இன்டர்நெட்?" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

ஒரு திருத்தம் நியாயமாகச் சொல்ல வேண்டும். கைப்பேசியும் பிளக்கும் ஒரே வைஃபையில் இருந்தால், இணையம் இல்லாவிட்டாலும் செயலி பிளக்கிடம் நேரடியாகப் பேசும் வசதி இத்தகைய தளங்களில் உண்டு. பிளக்கின் பக்கவாட்டில் பொத்தானும் இருக்கிறது. ஆக, கையால் போடலாம், அணைக்கலாம். தானாக நடக்கட்டும் என்று வாங்கியவன் கையால் போடுவதற்கு எதற்குக் கூடுதல் பணம் கொடுத்தேன் என்பதுதான் கேள்வி.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்ததோ அவர்களைத்தான் அழைக்க முடியும். பேசியவர் மரியாதையானவர். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார். விதி எங்கே ஓடுகிறது என்று கேட்டேன். "செயலியில்தான் சார்" என்றார். பாவம், அவருக்கே தெரியாது. சர்வர் அவருடைய நிறுவனத்துடையது இல்லை. உத்தரவாத அட்டை ஒருவருடையது, கட்டளை போகும் வழி இன்னொருவருடையது. நடுவில் நாம்.

இதே ஏற்பாடுதான் எனக்கு மிகப் பெரிய வசதியையும் கொடுத்தது என்பதால் முழுமனதோடு திட்டவும் முடியவில்லை. பிளக் வீட்டுக்கு வெளியே இருக்கும் சர்வரோடு எப்போதும் ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. பெரும்பாலும் எம்க்யூடிடி என்ற நெறிமுறை. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999-இல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஒருவரும் அவருடைய கூட்டாளியும் உருவாக்கியது. தரவைச் சிக்கனமாகச் செலவழிக்கும், மோசமான இணைப்பையும் தாங்கும். குறிப்பிட்ட இடைவெளியில் "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு சிறு செய்தி போகும். அது நின்றால் செயலியில் பொருள் 'ஆஃப்லைன்' என்று காட்டும்.

இதை வைத்து நான் செய்துகொண்ட ஏற்பாட்டை நண்பருக்கும் சிபாரிசு செய்கிறேன். ரூட்டரும் ஒரு பிளக்கும் இன்வெர்ட்டர் லைனில். இன்னொரு பிளக் நேரடி மின்வாரிய லைனில். கோயம்புத்தூரில் உட்கார்ந்து செயலியைத் திறக்கிறேன். நேரடி லைன் பிளக் மட்டும் ஆஃப்லைன் என்றால் வீட்டில் கரன்ட் இல்லை. இரண்டும் ஆஃப்லைன் என்றால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. கற்பூர மரம் கம்பியில் விழுந்ததை அக்கம்பக்கத்தார் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் மீன் வாங்கி வைத்துவிட்டு மலை இறங்கியவனுக்கு இந்தத் தகவலின் மதிப்பு புரியும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எந்த அம்சமும் எனக்கு இவ்வளவு பயன்பட்டதில்லை. இது பெட்டியில் எழுதப்படவும் இல்லை.

அதே தளத்தில் சேரும் கேமரா ஒன்றும் வாசலில் மாட்டியிருக்கிறேன். கரடி வந்தால் "மனித நடமாட்டம்" என்று அறிவிப்பு அனுப்புகிறது. கோத்தகிரிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. கேமரா பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

பொதுத் தளம் என்பதால் வரும் இன்னொரு நன்மை: நான் முதலில் வாங்கிய பிளக்கின் பிராண்டு இப்போது எந்தக் கடையிலும் இல்லை. பொருள் மட்டும் இன்னும் ஓடுகிறது, தளம் உயிரோடு இருப்பதால். சொந்த சர்வரை நம்பிய நிறுவனங்களின் கதை வேறு. அமெரிக்காவில் வீட்டு ஸ்மார்ட் பொருள்களை ஒன்றாக இயக்கும் ரிவால்வ் என்ற ஹப்பை, கூகுள் குழுமத்தின் நெஸ்ட் வாங்கி, 2016 மே மாதம் அதன் சேவையையே நிறுத்தியது. முந்நூறு டாலர் கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் அது வெறும் டப்பா ஆனது. 2022 ஏப்ரலில் இதே வகைப் பொருள்கள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. பிறகு அதன் பயனாளர்கள் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி உயிர்கொடுத்தார்கள்.

பெரிய தளத்தில் இருந்தால் பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தளங்களும் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த சர்வர்களில்தான் குடியிருக்கின்றன. 2025 தீபாவளி அன்று, அக்டோபர் 20, அமேசானின் வடக்கு வர்ஜீனியா தரவு மையங்களில் ஏற்பட்ட கோளாறில் அலெக்சா குரல் உதவியாளரும் ரிங் வீட்டுக் கேமராக்களும் உலகின் பல இடங்களில் முடங்கின. குரலால் விளக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டளை முதலில் குரல் உதவியாளரின் கிளவுட்டுக்குப் போய், அங்கிருந்து பிளக் தளத்தின் கிளவுட்டுக்குப் போய், அதன் பிறகே வீட்டுக்கு வரும். இரண்டில் எது படுத்தாலும் விளக்கு எரியாது.

மாற்று வழி இருக்கிறது. 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரம், வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பொருள்களை இயக்க வழிசெய்கிறது. பெட்டியில் அதன் முத்திரை இருக்கும். ஆனால் விதி எங்கே ஓடும் என்பது வீட்டில் வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொறுத்தது, அதை விசாரித்து வாங்குங்கள். ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளைச் சிறிய கணினி ஒன்றில் ஏற்றி, ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசும் சென்சார்களோடு இணைத்தால் விதிகள் முழுக்க முழுக்க வீட்டுக்குள் ஓடும். மேட்டுப்பாளையம் சாலையே போனாலும் பீரோ பல்பு எரியும். நான் அதற்குத்தான் மாறிக்கொண்டிருக்கிறேன். பாதிக் கிணறு தாண்டிய நிலை. விருந்தினர்களுக்குச் சப்பாத்தி போடுவதா, மென்பொருள் ஏற்றுவதா என்று தவிக்கும் நண்பருக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

ஆக, தீர்ப்பு. பொருள் உறுதியானது, விலை குறைவு, பீரோவைக் காப்பாற்றியது, மின்தடையைக் கோவையிலிருந்தே காட்டியது. இவ்வளவும் உண்மை. வாங்காதீர்கள். சிவப்பு விளக்கு எரியும் ரூட்டரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால் வேறு எதுவும் சொல்ல முடியாது.

தள்ளுபடி போய்விடும் என்று மனம் அடித்துக்கொண்டால், மூன்றில் மலிவானதை வாங்குங்கள்; மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். கணக்கு தொடங்கும்போது நாடு என்ற இடத்தில் இந்தியாவையே தேர்ந்தெடுங்கள். பல தளங்களில் எந்தத் தரவு மையம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பிறகு மாற்ற வேண்டுமென்றால் எல்லாப் பொருளையும் அழித்துப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும். ஒன்று இன்வெர்ட்டர் லைனில், ஒன்று நேரடி லைனில். விருந்தினர் அறைக் கீசருக்கு மட்டும் போடவே போடாதீர்கள். விடியற்காலைக் குளிரில் வெந்நீர் வராமல் நிற்பவரிடம் தரவு மையத்தைப் பற்றி விளக்கும் பொறுமை உங்களுக்குக் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.