மாமாவின் பென்ஸும் ஃபுல் சேர்விஸும்

கொழும்புக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாளே மாமா கார்ச் சாவியை என் கையில் தந்துவிட்டார். அவருக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று மாமி கட்டளை. நல்லூர்த் தேருக்குப் போவதென்று லண்டனில் இருக்கும்போதே முடிவாகிவிட்டது. வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நான்தான் சாரதி.

கார் 2012ஆம் ஆண்டு பென்ஸ் ஈ200. புறக்கோட்டையில் கடை நன்றாக நடந்த காலத்தில் மாமா ஆசைப்பட்டு வாங்கியது. மாற்றலாம் என்று யோசித்த நேரத்தில், 2020 மார்ச்சில், வாகன இறக்குமதி நின்றுபோனது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தபின் வரியோடு சேர்த்து விலையைக் கேட்ட மாமா, "இதுவே காணும்" என்று சொல்லிவிட்டார். கொழும்பில் பதினைந்து வயது பென்ஸும் பிஎம்டபிள்யூவும் இன்னும் மினுக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

"சேர்விஸ் எல்லாம் ஒழுங்கா நடக்குதோ, மாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எழுந்துபோய் தடித்த பைல் ஒன்றைக் கொண்டுவந்து மடியில் போட்டார். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஃபுல் சேர்விஸ். ஒண்டும் தவறேல்லை. பில் எல்லாம் கிடக்கு, பார்."

உண்மையிலேயே கிடந்தன. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களைத் தவிர மற்ற எல்லாக் காலத்துக்கும் பில் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே வரிசை: பொடி வாஷ், அண்டர் வாஷ், வெக்கியூம், என்ஜின் ஒயில், ஒயில் பில்டர், சில தடவை வெக்ஸ். கதவோரத்தில் அடுத்த 5,000 கிலோமீற்றருக்கான ஸ்டிக்கர். காசைக் கணக்குப் பார்த்தால் லண்டனில் என் காருக்குச் செலவழித்ததைவிட மாமா கூடத்தான் செலவழித்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி வேறு வேறு சங்கதி பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. கொழும்பில் 'சேர்விஸ்' என்றால் காரை லிப்டில் ஏற்றி, அடியும் மேலும் கழுவி, ஒயில் மாற்றி, உள்ளே தூசி உறிஞ்சி, பளபளவென்று திருப்பித் தருவது. பென்ஸ் கம்பனியின் அட்டவணையில் 'சேர்விஸ்' என்றால் அது வேறு. ஏ, பி என்று இரண்டு வகை, ஒன்று சின்னது, மற்றது பெரியது, மாறி மாறி வரும். அவற்றோடு காலத்தையோ ஓட்டத்தையோ வைத்து வேறு வேலைகள் ஒட்டிக்கொள்ளும்: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஒயில், பிறகு ஏசி பில்டர், பிளக், கியர் ஒயில். கிலோமீற்றரா மாதமா, எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. மாமாவின் பைலில் இந்தச் சொற்களைத் தேடினேன். பிரேக் ஒயில் கடைசியாக 2018இல். ஏசி பில்டர் ஒரே ஒரு தடவை. கியர் ஒயில், பிளக் இரண்டும் இல்லவே இல்லை. கார் ஓடியிருப்பது 118,000 கிலோமீற்றர்.

ஆனால் டாஷ்போர்டோ சமாதானமாக இருந்தது. சேர்விஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று காட்டியது. ஒயில் மாற்றிய ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பொடியன் அந்த எச்சரிக்கையை அழித்து, எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கி வைத்திருக்கிறான். கார் தன் முறைக்கு நினைவூட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

முதலில் பென்ஸ் கம்பனியின் ஏஜென்டுக்குப் போன் எடுத்தேன். மரியாதையாகப் பேசினார்கள், சேசிஸ் நம்பரைக் கேட்டார்கள், அடுத்த வாரம் நாள் தருவதாகச் சொன்னார்கள். தொகையைக் கேட்ட மாமா கண் மருந்து விடாமலே கண்ணை மூடிக்கொண்டார். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் சேர்ந்துதான் ஏறியது. நாள்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை. கூடப் படித்த நண்பன் ஒருவன் நுகேகொடைப் பக்கம் பென்ஸ் மட்டும் பார்க்கிற தனியார் கராஜ் ஒன்றைச் சொன்னான். "லப்டொப் கொழுவிப் பார்க்கிற இடம் மச்சான், சுத்தியலால தட்டிப் பார்க்கிற இடமில்லை" என்றான். அங்கே கேட்ட தொகை ஏஜென்ட் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு.

அங்கே பாஸ், அதாவது தலைமை மெக்கானிக், சிங்களவர். அவருக்கு உதவியாக ஹற்றன் பக்கத்துத் தம்பி ஒருவர். என் சிங்களம் கடையில் பாண் வாங்குவதற்குத்தான் போதும், அதனால் பேச்செல்லாம் அவர் வழியாகத்தான். போன உடனே பாஸ் சொன்னது எனக்குப் பிடித்தது. தம்பி மொழிபெயர்த்தார்: "அண்ணே, காரை ராத்திரிக்கு இங்கயே விட்டுட்டுப் போங்க. காலைல ஆறின என்ஜினை ஸ்டார்ட் பண்ணித்தான் கேக்கணுமாம்." இந்த 1.8 லீட்டர் என்ஜினில் டைமிங் செயினும் (வால்வுகளை நேரம் தவறாமல் திறக்கவைக்கும் சங்கிலி) அதன் பல்சக்கரங்களும் தேய்வது ஊரறிந்த வியாதி. தேய்ந்திருந்தால் ஆறின என்ஜினைக் கிளப்பும் முதல் சில விநாடிகளில் கடகடவென்று சத்தம் வரும். சூடான காரோடு போய் நின்றால் கேட்காது. மறுநாள் காலை நானும் பக்கத்தில் நின்றேன். சத்தம் இல்லை. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றிய மாமாவின் பழக்கம் காப்பாற்றியிருக்கிறது என்றார் பாஸ். காலி வீதி நெரிசலில் என்ஜின் ஒரு மணி நேரம் ஓடினாலும் மீற்றரில் ஆறேழு கிலோமீற்றர்தான் ஏறும். இப்படி நின்று நின்று ஓடுகிற காருக்கு ஒயிலைச் சீக்கிரம் மாற்றுவதுதான் நல்லது. அந்த விஷயத்தில் மாமாதான் சரி, நான் மனதுக்குள் சிரித்தது பிழை.

பிரேக் ஒயில்தான் பயமுறுத்தியது. பேனா மாதிரி ஒரு கருவியை அதற்குள் விட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் சாமான். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கலாம். நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் அந்தச் சூடு வந்துவிடும், ஒயில் கொதித்து ஆவி கட்டும், மிதித்த கால் வெறுமையாக இறங்கும். மாமாவும் மாமியும் ஏப்ரலில் இதே காரில்தான் நுவரெலியா போய்வந்தார்கள். மாமியிடம் நான் இதைச் சொல்லவில்லை.

ஏசி பில்டரை வெளியே எடுத்தபோது தம்பியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறுப்பு நிறம், நடுவில் காய்ந்த இலைகள், ஒரு மூலையில் எலி கூடு கட்டப் பார்த்த அடையாளம். மாமிக்கு காரில் ஏறினால் தும்மல் என்று ஒரு வருடமாக வாசனைத் திரவியத்தைப் பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பில்டர்களை நானே வாங்கிவருகிறேன் என்று வீரம் பேசி பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வாகனப் பாகம் என்றால் கொழும்பில் கால் தானாக அங்கேதான் போகும். ஒரு கடையில் நட்சத்திரம் போட்ட பெட்டி, "ஜெனுவின்" என்றார்கள், நானும் நம்பினேன். கராஜில் பாஸ் பெட்டியைத் திறந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். புதியதில் தாள் மடிப்புகள் குறைவு, ரப்பர் வளையம் ஒழுங்காக உட்காரவில்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைக் கோணிக்கொண்டு காசைத் தந்தார்கள். ஊருக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: சேசிஸ் நம்பரைக் கொடுத்து சரியான பார்ட் நம்பரை முதலில் எடுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். ஒயில் டின்னில் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தக் காருக்கு எம்பி 229.5 என்ற பென்ஸ் கம்பனியின் அங்கீகார எண் அங்கே இருக்க வேண்டும். 5டபிள்யூ-40 என்று ஒயிலின் தடிப்பை மட்டும் போட்டிருந்தால் போதாது.

கியர் ஒயிலில்தான் குடும்பச் சண்டை. "நல்லா ஓடுற கியர் பொக்ஸைக் கிளறாதை, தம்பி" என்று மாமா போனில் கெஞ்சினார். யாரோ ஒருவரின் கார் ஒயில் மாற்றிய மறுவாரம் படுத்துவிட்டதாம். இப்படியான கதை எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் கியர் ஏற்கெனவே சறுக்கத் தொடங்கிய பிறகு கடைசி முயற்சியாக ஒயில் மாற்றியவர்களின் கதை அது. இந்த ஏழு கியர் பெட்டிக்கு 125,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும், எங்களுக்கு இன்னும் ஏழாயிரம்தான் பாக்கி, வயதோ பதின்மூன்று. நான் மாற்றச் சொன்னேன். புதிய ஒயில் நீல நிறம், பார்க்க அழகு. வடித்ததைத் தம்பி வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டினார். நீலம் எங்கே போனதென்று தெரியவில்லை, ஒரு பழுப்புக் கறுப்பு. பழைய கார்களில் போல கம்பியை இழுத்து அளவு பார்க்கிற வேலை இதில் கிடையாது. லப்டொப்பில் கியர் ஒயிலின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, 45 பாகை அளவில் வரும்போது அடியிலே மிஞ்சியதை வழியவிட்டு அளவைச் சரிசெய்தார்கள். கொழும்புச் சூட்டில் அந்தப் பாகையைத் தாண்டிவிட்டால் ஆறவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டு தடவை தொடங்கினார்கள். நான் மூன்று பிளேன்டீ குடித்தேன்.

மற்றவை சட்டென்று முடிந்தன. நான்கு பிளக் மாற்றினார்கள். சன்ரூப் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருந்தது, ஊதிவிட்டார்கள். கடலோர மரைன் டிரைவ் பக்கம் நிற்கிற கார் என்பதால் அடியில் போல்டுகளில் உப்புத் துரு. அண்டர் வாஷ் இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

ரயர்தான் எதிர்பாராத செலவு. பூ நன்றாக இருந்தது, மாமா அதைத்தான் பார்த்திருக்கிறார். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் 2416. அதாவது 2016ஆம் ஆண்டு 24ஆம் வாரம் செய்தது. ஒன்பது வயது ரயரில் ஏ9 வீதியில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போக நான் தயாரில்லை. நான்கையும் மாற்றினேன், அந்த பில் மட்டும் என் கணக்கு.

லண்டனில் இது இந்த அளவுக்குப் போயிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அங்கே வருடாந்த எம்ஓடி சோதனையில் பிரேக்கையும் ரயரையும் யாராவது பார்த்தே தீருவார்கள், நம்பரைத் தட்டினால் பழைய சோதனை முடிவெல்லாம் இணையத்தில் வரும். இங்கே தனியார் காரை வீதியில் ஓட்டத் தேவையான வருமான உத்தரவுப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் காட்டினால் சரி. மாமாவின் கார் புகைச் சோதனையில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதை அவர் பெருமையாகச் சொன்னதும் அதனால்தான்.

இரண்டாம் நாள் மாலை காரை எடுத்துக்கொண்டு வந்தேன். கியர் மாறுவது காலில் தெரியவில்லை, ஏசியில் எலி மணம் இல்லை. பிளட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு, மாற்றிய ஒவ்வொன்றையும் பில்லோடு மாமாவுக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே காரை ஒருமுறை சுற்றிவந்தார். பொனட்டில் ஒயில் பிடித்த கைவிரல் அடையாளம், கதவில் நேற்றைய மழைச் சேறு. விரலால் தடவிப் பார்த்தார்.

"சேர்விஸ் செய்ததெண்டு சொன்னாய். கழுவேல்லையே?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார்ந்து, என்னை ஓட்டவைத்து, தன் வழக்கமான சேர்விஸ் ஸ்டேஷனுக்கே கூட்டிப்போனார். பொனட்டைத் திறந்து என்ஜினுக்குத் தண்ணீர் அடிக்கவேண்டாம் என்றும் டாஷ்போர்டில் ஒன்றையும் அழிக்கவேண்டாம் என்றும் பொடியனிடம் இரண்டு தடவை சொன்னேன். அவன் "ஓம், ஓம்" என்றான். நான் பொனட் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.