அம்மாவோடு மாமல்லபுரத்தில் ஒன்றரை நாள்

அம்மா கடைசியாக மாமல்லபுரம் போனது பள்ளிக்கூடச் சுற்றுலாவில். மதுராந்தகம் பக்கத்தில்தான் எங்கள் ஊர். கார் எடுத்தால் ஒன்றரை மணி நேரம். ஆனாலும் அறுபது வருடமாக மறுபடி போக வாய்க்கவில்லை. மாடு, வயல், நாங்கள் மூன்று பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது. இப்போது அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஜனவரியில் டொராண்டோவிலிருந்து மகளோடு ஊருக்கு வந்தபோது, எங்கே போகலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "மாவலிவரம்." எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் வாயில் அந்த ஊருக்கு அதுதான் பேர்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தங்கிய இடம். கடலோரத்தில் ஒரு விடுதி. பதிவு செய்யும் முன் போனில் இரண்டு முறை கேட்டேன்: சக்கர நாற்காலி அறை வரைக்கும் போகுமா? "தாராளமா போகும் மேடம்" என்றார்கள். போய் இறங்கினால் வாசலிலேயே மூன்று படி. சாய்தளம் இல்லை. குளியலறைக் கதவு நாற்காலியை விடக் குறுகல், உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. அங்கே வேலை செய்த இரண்டு பையன்கள் ஓடிவந்து அம்மாவை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். அவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் தூக்கும்போது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை. "போகும்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். வாசல், குளியலறைக் கதவு, கழிப்பறை மூன்றையும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

நுழைவுச்சீட்டில் ஒரு சிக்கலும் இல்லை. இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. எனக்கும் மகளுக்கும் இருப்பது கனடா பாஸ்போர்ட். ஆனால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கு நினைவுச் சின்னங்களில் இந்தியர்களுக்கான கட்டணம்தான் என்று 2021 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்துவிட்டது. அட்டையைக் காட்டினேன், 40 ரூபாய்ச் சீட்டு கொடுத்தார்கள். போனில் இருக்கும் படத்தை நம்பாமல் அசல் அட்டையையே கொண்டுபோங்கள். இன்னொன்று, சில்லறைக் கடைகளில்கூட இப்போது எல்லாம் யுபிஐ. கனடா உட்பட 10 நாடுகளின் போன் எண்ணை, வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கிகளில் வைத்திருக்கும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம் என்று 2023இல் வசதி வந்தது. கிளம்பும் முன்பே அதைச் செய்து வைத்திருந்ததால், இளநீர்க்காரம்மாவிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை.

அந்த இளநீர்க்காரம்மாதான் எங்கள் முதல் நாளைக் காப்பாற்றினார். ஐந்து ரதங்களைச் சுற்றி மணல். நாலடி போனதும் நாற்காலியின் முன்சக்கரம் புதைந்துவிட்டது. நானும் மகளும் முட்டி முட்டித் தள்ளுகிறோம், அசையவில்லை. நடந்ததைச் சொல்லிக்கொண்டே இளநீர் வாங்கியபோது, "தள்ளாதம்மா, திருப்பி வச்சு இழு" என்றார். பின்பக்கமாக இழுத்தால் பெரிய சக்கரம் மணலில் ஏறி வந்துவிடுகிறது. அவருடைய மாமியாருக்கும் இதே கால்வலியாம். சரி என்று மறுபடி போனோம், அப்படியே ஐந்து ரதத்தையும் சுற்றிவிட்டோம்.

ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. கல்லை அடுக்கிக் கட்டியதில்லை, நின்ற பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தது. அதனால்தான் உச்சி முடிந்திருக்கிறது, சில ரதங்களின் அடி முடியாமல் நிற்கிறது. நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். பக்கத்திலேயே ஒரு முழு யானையைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் போய் நின்று பார்த்த என் மகள்தான் கத்தினாள்: "ஆயா, ரெண்டு முதுகும் ஒண்ணு!"

கடற்கரைக் கோயிலுக்கு வாசலிலிருந்து கொஞ்ச தூரம், ஆனால் நல்ல பாதை. நாற்காலி தடையில்லாமல் உருண்டது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், கி.பி. 700ஐ ஒட்டிக் கட்டியது. இத்தனை நூற்றாண்டாக உப்புக்காற்று தின்று, சுற்றியிருக்கும் நந்திகள் முகம் மழுங்கிப் போயிருக்கின்றன. பல்லவர் காலத்தில் இது துறைமுகம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். "துறைமுகம்னு சொன்னீங்க, எங்கே?" என்று கேட்டாள். காட்ட ஒரு கரைச்சுவர்கூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடல்மல்லை என்று அன்று பேர் பெற்ற இந்த ஊரைத் திருமங்கையாழ்வார் பாடியபோது, செல்வக் குவியலும் யானைகளும் நவமணிகளும் ஏற்றிய பாரம் தாங்காமல் வளைந்து கப்பல்கள் போய்வந்ததாகச் சொல்கிறார். அதைச் சொன்னேன். 2004 சுனாமியின்போது கடல் உள்வாங்கியதும், பிறகு மணல் அரித்துப்போன இடத்தில் செதுக்கிய பாறைகள் வெளியே தெரிந்ததும் சொன்னேன். கொஞ்ச நேரம் மூன்று பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடலில் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்த என் மகள் அடம்பிடித்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "கரையில பாக்கறதுக்கு சாதுவா இருக்கும், இழுத்துடும் பாப்பா" என்று சொன்னதும்தான் விட்டாள். கால் நனைப்பதோடு சரி.

ஊருக்குள் உளிச்சத்தம் இன்னும் கேட்கிறது. இங்குள்ள கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பட்டறையில் மாக்கல்லில் கையகலப் பிள்ளையார் வாங்கினோம். அதற்கு மேல் கடை ஏற நேரமில்லை.

அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம் சாலையோரமாகவே இருக்கிறது, சீட்டு வேண்டாம், படி ஏற வேண்டாம். சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். நாற்காலியை எதிரே நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு மாமல்லபுரத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. தவம் செய்யும் பூனையை அம்மாவே கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் காட்டியது ஞாபகம் இருந்திருக்கிறது.

பக்கத்தில் கிருஷ்ண மண்டபம். முன்னால் இருக்கும் தூண்கள் விஜயநகரக் காலத்தில் சேர்த்தவை, உள்ளே பாறையில் இருப்பது பல்லவர் செதுக்கியது. அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே நடந்தார். கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணனை அவர் பார்க்கவே இல்லை. ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறான், பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்குகிறது. அங்கே நின்றுவிட்டார். முப்பது வருடம் மாடு கறந்தவர்.

"கன்னுக்குட்டிய நக்க விட்டாத்தான் பால் எறங்கும். மாடு வச்சிருந்தவன்தான் இத அடிச்சிருக்கான்" என்றார். பேத்தியைப் பக்கத்தில் இழுத்து, காம்பில் விரலை எப்படி மடக்க வேண்டும் என்று காற்றில் பிடித்துக் காட்டினார். பால் பாக்கெட்டைத் தவிர வேறு அறியாத பெண், தானும் விரலை மடக்கிப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊருக்குக் கிளம்பினோம். பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது அம்மா டிரைவரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, அந்தப் பசு மாட்டாண்ட ஒரு நிமிஷம் நிறுத்துப்பா."