மூக்கின் மேல் ஒற்றை முடி

மூன்று வார விடுமுறைக்கு ஊருக்குப் போனவன், பாதி நாட்களை மருத்துவமனை வராந்தாவில் கழித்தேன். தங்கை மகளுக்கு ஒன்றரை வயது. பிறந்ததிலிருந்தே மூக்குத் தண்டில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. மடியில் தூக்கி வைத்தபோதுதான் கவனித்தேன்: நடுவில் ஊசி குத்தியது போல ஒரு குழி, குழியிலிருந்து ஒற்றை முடி.

முதலில் போன கிளினிக்கில், “கொழுப்புக் கட்டிதான், பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்” என்று சொல்லித் தேதியும் குறித்துவிட்டார்கள். வெளிநாட்டில் காத்திருந்தே பழகிய எனக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. தங்கைதான் ஒப்பவில்லை. “இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் அண்ணா.”

காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்ததும் குழந்தை அழுதது. தங்கை கிலுகிலுப்பையை எடுத்தாள். “சமாதானப்படுத்தாதீர்கள் அம்மா, அழட்டும்” என்றவர், அழுகிற மூக்கையே உற்றுப் பார்த்தார். டார்ச் அடித்தார். கழுத்தின் இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினார். கட்டி பருக்கவில்லை, வெளிச்சமும் ஊடுருவவில்லை.

பிறகு ஒரு தாளில் வரைந்து காட்டினார். மூக்கின் நடுக்கோட்டில் பிறவியிலேயே வரும் கட்டிகள் 20,000 முதல் 40,000 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் உண்டாம். எலும்பு இடைவெளி வழியே மூளைச் சவ்வும் மூளையும் பிதுங்கினால் என்செபலோசீல். அழும்போதும் கழுத்தை அழுத்தும்போதும் அது பருக்கும், டார்ச் வெளிச்சமும் ஊடுருவும். வெளியே தங்கிவிட்ட மூளைத் திசு க்ளையோமா. கெட்டியாக இருக்கும், பருக்காது, புற்றுநோயும் அல்ல. கருவிலேயே தோல் உள்ளே சிக்கிக்கொண்டால் டெர்மாய்டு. குழியும் முடியும் அதற்கே உரிய அடையாளம். ஆனால் அந்தக் குழியின் பாதை மண்டையோட்டுக்குள்ளும் போயிருக்கலாம். ஸ்கேன் படம் பார்க்காமல் வெட்டினாலோ சோதனைக்குச் சதை எடுத்தாலோ மூளைத் தண்டுவட நீர் கசியலாம், மூளைக்காய்ச்சலும் வரலாம். எனக்கு வயிறு கலங்கியது.

மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். சி.டி. ஸ்கேன் மட்டும் போதாதாம். இந்த வயதில் மண்டையோட்டின் அடிப்பகுதி முழுதாக எலும்பாகியிருக்காது, இல்லாத ஓட்டை இருப்பதுபோலத் தெரியும். அறிக்கைக்காக இரண்டு நாள் கவுன்டர் கவுன்டராக அலைந்தேன். அதைச் சொல்லாமல் விட முடியாது.

பாதை மூக்கெலும்போடு நின்றிருந்தது. மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. குழியைச் சுற்றிக் கீறி, பாதையை மிச்சமில்லாமல் எடுத்தார்கள். துளி தங்கினாலும் மறுபடி வளருமாம்.

குழந்தை கண் விழித்த அன்று மாலை, முதல் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. குறித்த தேதிக்கு ஏன் வரவில்லை என்று மிகுந்த பணிவோடு விசாரித்தார்கள்.