மூட்டுவலி ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு: இருபதுகளில் இருப்பவர் வாங்கலாமா?

'ஆர்த்ரைடிஸ் புரொஃபைல்', 'மூட்டுவலி பேக்கேஜ்' என்று ஆய்வகங்கள் விற்கும் தொகுப்பில் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், யூரிக் ஆசிட், ஏ.எஸ்.ஓ. டைட்டர், கால்சியம் ஆகியவை அடிப்படை. பெரிய தொகுப்பில் ஆன்ட்டி-சி.சி.பி., ஏ.என்.ஏ., வைட்டமின் டி சேரும். 18 முதல் 35 வயதுக்குள் இருந்து, ஏன் வலிக்கிறது என்றே புரியாத ஒருவருக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதுதான் இங்கே பார்ப்பது. மூட்டு வீங்குவது கண்ணுக்குத் தெரிந்து, வலி 6 வாரத்தைத் தாண்டியிருந்தால் இதில் பாதி உதவும். வீக்கமே இல்லாமல் இன்று முட்டி, நாளை மணிக்கட்டு என்று வலித்தால், காசு கொடுத்துக் குழப்பத்தை வாங்கி வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். வீக்கம் இல்லாத வலியோடு 1000 இளைஞர்கள் இந்தத் தொகுப்பை வாங்குகிறார்கள், அவர்களில் 5 பேருக்கு உண்மையில் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்நோயைத் தேடும் ஆர்.ஏ. ஃபேக்டர் சோதனை அந்த நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேரைத்தான் காட்டிக்கொடுக்கும். ஆக, 3 அல்லது 4 பேர். நோயே இல்லாதவர்களிலும் சுமார் 5 சதவீதம் பேருக்கு அது பாசிட்டிவாக வரும். அது ஏறத்தாழ 50 பேர். கறுப்பு எழுத்தில் 'பாசிட்டிவ்' என்று அச்சான 54 ரிப்போர்ட்டுகளில் 50 வெறும் பயமுறுத்தல். மறுபுறம், உண்மையான நோயாளி ஒருவரோ இருவரோ 'நெகட்டிவ்' தாளோடு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். பரிசோதனையைக் குறை சொல்ல முடியாது. சந்தேகத்தை உறுதி செய்யச் செய்யப்பட்ட கருவியை, சந்தேகமே எழாத இடத்தில் விற்பதுதான் கோளாறு.

உள்ளே இருப்பவை, ஒவ்வொன்றாக

சி.ஆர்.பி. இந்தத் தொகுப்பிலேயே உருப்படியான சரக்கு. உடலில் அழற்சி தொடங்கிச் சில மணி நேரத்தில் ஏறும், இரண்டு நாளில் உச்சம் தொடும், காரணம் தீர்ந்தால் வேகமாக இறங்கும். இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஒன்று அலகு: சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் அச்சிடுகின்றன. 0.8 என்பதும் 8 என்பதும் ஒரே அளவாக இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்துப் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, இளவயதில் முதுகுத்தண்டைத் தாக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகளில் கணிசமானோருக்கு சி.ஆர்.பி. இயல்பான அளவிலேயே இருக்கும். 'அழற்சி இல்லை, மனப்பிரமைதான்' என்று ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கப்படுவது பெரும்பாலும் இவர்கள்தான்.

ஈ.எஸ்.ஆர். என்பது குழாயில் ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம். மெதுவானது, ரத்தசோகை, கர்ப்பம், உடற்பருமன் எதற்கும் ஏறும். இயல்பின் உச்சவரம்புக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி. 24 வயதுப் பெண்ணுக்கு மணிக்கு 17 மில்லிமீட்டர் வரை போகலாம். ஆய்வகத்திலும் இது எளிதில் கெட்டுப்போகும். குழாய் செங்குத்தாக நிற்காமல் சற்றுச் சாய்ந்திருந்தால் கூடுதலாகக் காட்டும். சாம்பிள் வெளியில் பல மணி நேரம் கிடந்தால் குறைவாகக் காட்டும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவையில், எடுத்ததற்கும் ஆய்வகம் சேர்வதற்கும் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஆகுமென்றால் ஈ.எஸ்.ஆருக்கு நேரில் போவது மேல்.

தூக்கி எறிய வேண்டிய உருப்படி ஏ.எஸ்.ஓ. டைட்டர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் தொற்று சமீபத்தில் வந்து போயிருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். சாதாரணத் தொண்டைவலி போதும் அது ஏற. இந்த ஒற்றை எண்ணை வைத்து ருமாட்டிக் காய்ச்சல் (அந்தத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்வது நடக்கிறது. காய்ச்சலோடு ஒரு மூட்டு விட்டு இன்னொரு மூட்டுக்கு வலி தாவுவது, இதயத்தில் மாற்றம் போன்றவை சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

யூரிக் ஆசிட் பற்றிய தவறு வேறு மாதிரி. டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது படிகமாகப் படியத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கௌட் (அந்தப் படிகத்தால் வரும் மூட்டு அழற்சி) வருவதில்லை. கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற அந்தக் கடும் வலியின் நடுவே ரத்தம் எடுத்தால், அளவு இயல்பாகவே இருந்து ஏமாற்றவும் கூடும். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இருபதுகளில் உள்ள பெண்ணுக்குக் கௌட் மிக அரிது. அவருக்கு இந்தச் சோதனையால் பெரிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. உண்மையிலேயே வந்திருந்தால் சிறுநீரகத்தையும் பரம்பரைக் காரணத்தையும் தேட வேண்டும்.

லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) போன்றவற்றைத் தேடும் ஏ.என்.ஏ.தான் அதிகம் அழ வைக்கும் வரி. 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், ஆரோக்கியமானவர்களிலேயே 1:40 நீர்ப்பில் (ரத்த நீரை 40 மடங்கு நீர்த்துப் பார்ப்பது) சுமார் 32 சதவீதம் பேருக்கும், 1:80-ல் 13 சதவீதம் பேருக்கும், 1:160-ல் 5 சதவீதம் பேருக்கும் பாசிட்டிவ் வந்தது. எனவே வெறும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை. நீர்ப்பு அளவும், ஒளிரும் வடிவமும் அச்சாகியிருக்க வேண்டும். அதற்கு ஹெப்-2 செல்களில் செய்யும் இம்யூனோஃபுளோரசன்ஸ் முறை தேவை; மலிவான தொகுப்புகளில் எலைசா முறையில் ஒரே ஒரு எண்தான் கிடைக்கும். மூக்குக்கு இருபுறமும் கன்னச் சிவப்பு, வாய்ப்புண், முடி கொட்டுதல், வெயிலில் தோல் தடித்தல் என்று லூபஸின் அடையாளம் எதுவுமே இல்லாதவர் ஏ.என்.ஏ. எடுக்காமலிருப்பதே தூக்கத்துக்கு நல்லது.

வைட்டமின் டி பற்றி ஒரு வரி போதும்: குறைவு கடுமையாகவும் நீண்ட காலமாகவும் இருந்தால் எலும்பும் தசையும் வலிக்கும், மூட்டு வீங்காது.

இல்லாதவைதான் பெரிய குறை

ஆச்சரியம் என்னவென்றால், மிக மலிவான இரண்டு சோதனைகள் பல தொகுப்புகளில் இல்லை. முதலாவது முழு ரத்த அணு எண்ணிக்கை. லூபஸில் வெள்ளணுவும் தட்டணுவும் குறையும்; இரவில் எலும்பு குடையும் வலிக்குப் பின்னால் ரத்தப் புற்று இருந்தால் முதலில் சந்தேகம் எழுப்புவதும் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது சிறுநீர்ச் சோதனை. லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் வலி எதுவும் தராமல் சிறுநீரில் புரதமாகத்தான் வெளிப்படும். ஏ.என்.ஏ.வைப் போட்டுவிட்டுச் சிறுநீரை விட்டுவிட்ட தொகுப்பை வடிவமைத்தவர் நோயாளியை மனதில் வைத்திருக்கவில்லை.

முடக்குவாதத்தைத் தேடும் இன்னொரு சோதனையான ஆன்ட்டி-சி.சி.பி. சிறிய தொகுப்பில் இருக்காது. ஆர்.ஏ. ஃபேக்டர் அளவுக்கே நோயைப் பிடிக்கும், பொய்யாக எச்சரிப்பது மிகக் குறைவு. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் இதற்குக் கொடுங்கள். ஸ்பாண்டிலைட்டிஸோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ.-பி27 மரபணுச் சோதனை, காலையில் அரை மணிக்கு மேல் இடுப்பு இறுகி, நடமாடினால் தளர்ந்து, படுத்தால் கூடி, பின்னிரவில் எழுப்பிவிடும் முதுகுவலி 3 மாதத்தைத் தாண்டியவருக்கு மட்டும். அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. மற்றவர்களுக்கு அது வீண் செலவு.

வலி தொடங்கி 6 வாரம் ஆகவில்லையென்றால் வைரஸ்கள்தான் முதல் சந்தேகம்: சிக்குன்குனியா, பார்வோ பி19, ஹெபடைட்டிஸ் பி, சி. இவை எந்த மூட்டுத் தொகுப்பிலும் வழக்கமாக இருப்பதில்லை. வயிற்றுப்போக்கோ சிறுநீர்ப் பாதைத் தொற்றோ வந்து 1 முதல் 4 வாரத்தில் முட்டி, கணுக்கால் வீங்கும் ரியாக்டிவ் ஆர்த்ரைடிஸையும் இந்தக் குழாய்கள் பிடிக்காது. 'சமீபத்தில் வயிறு கெட்டதா?' என்ற கேள்விதான் பிடிக்கும்.

ரத்தத்தில் சுவடே காட்டாத காரணங்களும் இளவயதில் நிறைய. அளவுக்கு மீறி வளையும் மூட்டு அவற்றில் முக்கியம். பெய்டன் மதிப்பெண்ணை வீட்டிலேயே போடலாம்: சுண்டுவிரல் பின்பக்கம் 90 பாகைக்கு மேல் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்னால் போகின்றனவா என்று இரண்டு பக்கமும் பாருங்கள், பக்கத்துக்கு ஒரு மதிப்பெண். முழங்கால் மடக்காமல் உள்ளங்கை தரையில் படிந்தால் இன்னொன்று. மொத்தம் 9. பெரியவர்களுக்கு 5-ம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சேதி. ஸ்டீராய்டு எடுத்தவருக்குத் தொடை இடுக்கில் வலித்தால் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் முனைக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்-ரேயும் சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.தான் காட்டும். பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மூட்டில் வலி தரும். சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் குதிகால் தசைநாரைத் தாக்கும். தலையில், காதுக்குப் பின்னால், தொப்புளில் உதிரும் செதிலும் நகத்தில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளும் சோரியாசிஸ் மூட்டுவாதத்தின் தடயம். இதையெல்லாம் பார்க்க வெளிச்சமும் பொறுமையும் இருந்தால் போதும்.

வாங்குவதென்றால்

வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். சர்க்கரையோ கொழுப்போ சேர்த்துப் பார்த்தால் மட்டுமே அது தேவை. மூட்டுச் சோதனைகளுக்குத் தேவையில்லை. தலைமுடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை சாப்பிட்டால் 2 நாளாவது நிறுத்திவிட்டுப் போங்கள். தைராய்டு உட்படச் சில சோதனைகளை அது திரித்துவிடும். வலி தாங்காமல் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் சி.ஆர்.பி. பொய்யாக இறங்கியிருக்கும். போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டைச் சோதனைக்காக நீங்களாக நிறுத்தக் கூடாது.

புக் செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள். காலையில் இறுக்கம் விடப் பிடிக்கும் நிமிடங்கள், விரல் அடி முட்டிகளை வரிசையாகச் சேர்த்து அழுத்தினால் வலிக்கிறதா என்பது, வீங்கியபோது எடுத்த போட்டோ. 30 நிமிடத்துக்கு மேல் இறுக்கம், அழுத்தினால் வலி, நிஜமான வீக்கம் மூன்றும் இருந்தால் ஆய்வகத்துக்கு முன் மூட்டுவாத மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். எது தேவையோ அதை அவரே எழுதுவார், தொகுப்பைவிடக் குறைந்த செலவில் முடியவும் கூடும். ஒரே மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் அடித்தால் தொகுப்பு, வீட்டுச் சேவை எதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உள்ளே சீழ் பிடித்திருந்தால் குருத்தெலும்பு நாட்கணக்கிலேயே அழியும், ஊசியால் மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதுதான் அங்கே சோதனை.

6 மாதம் கழித்து 'உங்கள் மூட்டுப் பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது' என்று ஆய்வகத்திலிருந்து செய்தி வரும். சிகிச்சையில் இருப்பவருக்கு சி.ஆர்.பி.யும் ரத்த அணுக்களும் திரும்பப் பார்க்கத் தக்கவை. பாசிட்டிவ் என்று ஒருமுறை உறுதியான ஆன்ட்டி-சி.சி.பி.யையும் ஏ.என்.ஏ.வையும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில் பொதுவாகப் பயனில்லை. பி27-ஐ இரண்டாம் முறை விற்க வந்தால், மரபணு ஆறு மாதத்தில் மாறாது என்று பதில் அனுப்பிவிடலாம்.