வீட்டு கம்ப்யூட்டருக்கு வெளியிலருந்து கனெக்ட் ஆகலையா? ரொம்ப நாளா ஓட்டுனதுல தெரிஞ்சது

ஈரோடு பக்கம் எங்க வீட்ல ஒரு டெஸ்க்டாப் எந்நேரமும் ஆன்லயே இருக்கும். குடும்ப ஃபோட்டோ, கல்யாண வீடியோ, அப்பாவோட கடைக் கணக்கு எல்லாமே அதுலதான். நம்ம வீடியோவ நெட் வழியா பாக்க விடுற ஜெல்லிஃபின்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு வச்சிருக்கேன், அக்கா சிங்கப்பூர்லருந்து வீடியோ பாப்பாங்க, நான் சென்னைலருந்து ரிமோட் டெஸ்க்டாப்ல (வீட்டு கம்ப்யூட்டர் ஸ்க்ரீன தூரத்துலருந்தே இயக்குற விண்டோஸ் வசதி) உள்ள வந்து கணக்கு சரி பாப்பேன். வருஷக்கணக்கா இப்படித்தான் ஓடுது, நடுவுல நெட் கம்பெனியும் மாறியிருக்கு, ரௌட்டரும் மாறியிருக்கு, விண்டோஸ் 10 போய் 11 வந்தாச்சு. ஒவ்வொரு தடவ எதாச்சும் மாறும்போதும் வெளியிலருந்து உள்ள வர்றது நின்னு போகும், ஆனா வீட்ல யூடியூப் ஜம்முன்னு ஓடும். அதனால நெட் நல்லாதான இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க.

இந்தப் பிரச்சனைன்னு யார்ட்ட சொன்னாலும் முதல்ல ஃபயர்வால (வெளியிலருந்து வர்ற கனெக்ஷன தடுக்குற காவல்) ஆஃப் பண்ணுன்னுதான் சொல்றாங்க. தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. கம்ப்யூட்டர்லயே கை வைக்காம முதல்ல ரௌட்டர் பேஜுக்குப் போங்க, பெரும்பாலும் 192.168.1.1 தான் இருக்கும், அங்க ஸ்டேட்டஸ்ல வான் ஐபின்னு (WAN IP, நெட் கம்பெனி பக்கம் உங்க ரௌட்டருக்கு இருக்குற விலாச நம்பர்) ஒன்னு காட்டும், அத எழுதி வச்சுக்கிட்டு கூகுள்ல என் ஐபி என்னன்னு தேடிப் பாருங்க. ரெண்டும் ஒரே நம்பரா இருந்தா பாதி கிணறு தாண்டியாச்சு. வான் ஐபி 100.64ல ஆரம்பிச்சு 100.127 வரைக்கும் எதாச்சும் ஒன்னா இருந்தா நீங்க சிஜிநாட்ல (CGNAT) மாட்டியிருக்கீங்க, அந்த ரேஞ்ச 2012ல இதுக்குன்னே ஒதுக்குனாங்க. 10ல ஆரம்பிச்சாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

சிஜிநாட்னா என்னன்னா, கம்பெனிகிட்ட ஐபிவி4 நம்பர் பத்தல, அதனால ஒரே பப்ளிக் ஐபிய (வெளியுலகத்துலருந்து நேரா வந்து சேரக்கூடிய விலாசம்) நிறைய வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்குறாங்க. நம்ம ஆசியப் பக்கத்துக்கு ஐபி பிரிச்சுக் குடுக்குற ஏப்நிக்கே 2011 ஏப்ரல்ல கடைசி பிளாக்குக்கு வந்துட்டாங்க. லைன் வீட்ல பத்துக் குடித்தனத்துக்கும் ஒரே கதவு நம்பர் மாதிரி, வெளிய போற கடுதாசி போயிடும், உள்ள வர்றது யாருக்குன்னு போஸ்ட்மேனுக்குத் தெரியாது. நீங்க வீட்டு ரௌட்டர்ல எத்தன போர்ட் (ஒவ்வொரு புரோகிராமுக்கும் இருக்குற வாசல் நம்பர்) திறந்து விட்டாலும், வர்ற கனெக்ஷன் கம்பெனி பக்கத்துல இருக்குற பெரிய நாட்ல (NAT, ஒரே ஐபிய பங்கு போடுற வேலை) வந்து நின்னுரும். இது தெரியாம ராத்திரி பூரா போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலருந்து வர்றத ரௌட்டர் எந்த கம்ப்யூட்டருக்கு அனுப்பணும்ங்குற செட்டிங்) மாத்தி மாத்திப் போட்டுட்டு இருக்குறவங்கள பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

நான் கம்பெனிக்கு ஃபோன் போட்டு பப்ளிக் ஐபி வேணும்னு கேட்டப்போ வீட்டுக்கு வந்த லைன்மேன் கேட்டது, "நெட்டு ஓடுதுல்ல தம்பி, ஸ்பீடும் வருது, அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட்டு?" அவர சொல்லியும் தப்பில்ல, அவர்கிட்ட இருக்குற ஆப்ல ஸ்பீடும் ஃபைபர்ல வர்ற லைட் சிக்னலோட பவரும் மட்டும்தான் தெரியும். கஸ்டமர் கேர்ல கேக்கும்போது போர்ட், ஃபார்வர்டிங்னு எல்லாம் இழுக்காம, "எனக்கு சிஜிநாட் எடுத்துட்டு பப்ளிக் ஐபி குடுங்க, இல்ல ஸ்டேட்டிக் ஐபிக்கு எவ்வளவு"ன்னு (ஸ்டேட்டிக்னா மாறாத பப்ளிக் ஐபி) நேரா கேளுங்க, அதுக்குத்தான் பதில் வருது. சில ஊர் கேபிள்காரங்க காசு வாங்காமயே மாத்திக் குடுத்துருவாங்க, சில பெரிய கம்பெனில வீட்டு பிளான்ல கிடையவே கிடையாதுன்னுட்டாங்க.

இன்னொன்னு டபுள் நாட், அதாவது வீட்டுக்குள்ளயே நாட் ரெண்டு தடவ நடக்குறது. கம்பெனி குடுத்த ஃபைபர் பெட்டி ஒன்னு, நம்ம வாங்குன ரௌட்டர் ஒன்னுன்னு ரெண்டு இருந்தா, நம்ம ரௌட்டரோட வான் ஐபியே 192.168ல இருக்கும். பெட்டிய பிரிட்ஜ் மோடுல (ரௌட்டர் வேலை பாக்காம லைன அப்படியே நம்ம ரௌட்டருக்குக் கடத்துற மோடு) போடச் சொன்னா முடிஞ்சுது.

பப்ளிக் ஐபி கிடைச்சாச்சுன்னா அப்புறம்தான் கம்ப்யூட்டருக்கு வரணும். அங்க நான் முதல்ல பாக்குறது, அதே வைஃபைல இருக்குற ஃபோன்லருந்து கனெக்ட் ஆகுதான்னு. ஜெல்லிஃபின்னா 8096 போர்ட். வீட்டுக்குள்ளயே வரலன்னா வெளிய எப்படி வரும்? கமாண்ட் பிராம்ப்ட்ல netstat -an (நெட்ஸ்டாட்) போட்டா எந்த போர்ட்ல எது காத்துட்டு இருக்குன்னு வரும், அதுல 0.0.0.0:8096ன்னு இருந்தா எல்லாப் பக்கமும் கேக்குதுன்னு அர்த்தம், 127.0.0.1:8096ன்னு இருந்தா அந்த கம்ப்யூட்டருக்குள்ள மட்டும்தான், அப்போ புரோகிராம் செட்டிங்லதான் மாத்தணும், ஃபயர்வால் மேல பழி போடக்கூடாது.

ஃபயர்வால்ல நிஜமா வர்ற வில்லங்கம் வேற. ரௌட்டர் மாத்துனா விண்டோஸ் அத புது நெட்வொர்க்கா எடுத்துக்கிட்டு பப்ளிக்னு (நம்பாத பொது நெட்வொர்க்னு அர்த்தம், பப்ளிக் ஐபிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல) போட்டுரும், நீங்க முன்னாடி குடுத்த அனுமதி பிரைவேட்டுக்கு மட்டும்னா அது வேல செய்யாது. செட்டிங்ஸ்ல நெட்வொர்க்க பிரைவேட்னு மாத்துனா ரெண்டே கிளிக்ல சரியாயிடும். இதே மாதிரி விண்டோஸ் 11ல வைஃபைக்கு ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்னு (ரௌட்டர் கம்ப்யூட்டர அடையாளம் காண்ற நம்பர மாத்திக் காட்டுற வசதி) ஒன்னு இருக்கு, அது ஆன்ல இருந்தா ரௌட்டர்ல இந்த கம்ப்யூட்டருக்குன்னு கட்டி வச்ச ஐபி கைமாறிப் போயிடும், ஃபார்வர்டிங் ஆளே இல்லாத ஐபிய நோக்கிப் போகும். முடிஞ்சா லேன் கேபிள்லயே போட்ருங்க.

டெஸ்ட் பண்றத கண்டிப்பா மொபைல் டேட்டாலதான் பண்ணணும். வீட்டு வைஃபைல உக்காந்துட்டு வீட்டு பப்ளிக் ஐபியவே அடிச்சா நிறைய ரௌட்டர்ல சுத்தி உள்ள வராது, எல்லாம் சரியா இருந்தாலும் தப்புன்னு காட்டும்.

ரிமோட் டெஸ்க்டாப் பத்தி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். அதோட 3389 போர்ட்ட நேரடியா நெட்டுக்குத் திறக்காதீங்க. ஒரு தெரிஞ்சவரு கடைல அப்படி திறந்து வச்சிருந்தாங்க, விண்டோஸோட ஈவென்ட் வியூவர திறந்து செக்யூரிட்டி லாக்ல 4625ன்னு (தோத்துப்போன லாகினுக்கான நம்பர்) ஃபில்டர் போட்டுக் காட்டுனேன், அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட்னு விதவிதமான பேர்ல லாகின் முயற்சி வரிவரியா இறங்கிட்டே இருந்துச்சு, ஸ்க்ரோல் பண்ணா முடியவே மாட்டேங்குது. போர்ட் நம்பர மாத்துனா தப்பிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, எல்லா போர்ட்டையும் தட்டிப் பாக்குற ஆளுங்க இருக்காங்க. 2019ல புளூகீப்னு ஒரு ஓட்டை இந்த ரிமோட் டெஸ்க்டாப்லதான் வந்துச்சு, சப்போர்ட் முடிஞ்சுபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கூட மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டாங்கன்னா எவ்வளவு பெரிசுன்னு பாத்துக்கோங்க.

அதனால நான் கடைசியா நிலைச்சு நின்னது டெய்ல்ஸ்கேல்லதான், நம்ம மெஷின்கள்ல எல்லாம் ஆப் போட்டு தனி நெட்வொர்க்கா இணைக்குற சேவை அது. வயர்கார்ட்ங்குற விபிஎன் முறை மேல ஓடுறது, சொந்த உபயோகத்துக்கு ஃப்ரீ, சிஜிநாட் இருந்தாலும் கவலையில்ல ஏன்னா ரெண்டு பக்கமும் உள்ளருந்து வெளியதான் போய் சேந்துக்குது. போர்ட் ஒன்னும் திறக்க வேண்டாம். ஆனா நாள்பட்ட உபயோகத்துல தெரியிற விஷயம் சிலது இருக்கு. வழக்கமான செட்டிங்ல 180 நாளுக்கு ஒரு தடவ கீ (அந்த மெஷினுக்கான அனுமதி) காலாவதி ஆகும், அப்போ வீட்டு கம்ப்யூட்டர் சத்தமில்லாம வெளிய போயிடும், நீங்க வேற ஊர்ல இருப்பீங்க. வீட்டு மெஷினுக்கு மட்டும் அந்த எக்ஸ்பயரிய டெய்ல்ஸ்கேல் வெப்சைட்ல இருக்குற அட்மின் கன்சோல்ல நிறுத்தி வைங்க. இன்னொன்னு, அதுவும் 100ல ஆரம்பிக்கிற ஐபிதான் குடுக்கும், அத பாத்துட்டு சிஜிநாட்னு குழம்பிக்காதீங்க. நேரடி வழி கிடைக்கலன்னா ரிலே (நடுவுல இருக்குற டெய்ல்ஸ்கேல் சர்வர்) வழியா சுத்திப் போகும், அப்போ கணக்கு பாக்கலாம், வீடியோ திக்கும். அக்காவுக்கு சில நாள் அப்படித்தான் ஆச்சு, வீட்ல ஐபிவி6 (ஐபிவி4க்கு அடுத்து வந்த, நம்பர் பஞ்சமில்லாத முறை) ஆன் பண்ணதும் நேரடியா வர ஆரம்பிச்சுது.

அப்புறம் நம்ம ஊரு கரண்ட். பவர் போயி வந்தா கம்ப்யூட்டர் தானா எந்திரிக்கணும், பயோஸ்ல கரண்ட் வந்தா ஆன் ஆகுன்னு ஒரு செட்டிங் இருக்கும், அத போட்டு வைங்க, ஸ்லீப்ப நெவர்னு மாத்துங்க. ஃபைபர் பெட்டிக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கிப் போட்டதுக்கப்புறம் எனக்கு அப்பாவுக்கு ஃபோன் போட்டு "கம்ப்யூட்டர் பட்டன அமுக்குங்கப்பா"ன்னு சொல்ற வேலையே இல்லாமப் போச்சு.

ஃப்ரெண்ட்ஸ் விளையாடுற கேம் சர்வர், இல்ல ஆப் எதுவும் இன்ஸ்டால் பண்ண மாட்டேன்னு சொல்றவங்க வந்து பாக்குற வெப்சைட்னா டெய்ல்ஸ்கேல் அவ்வளவா ஒத்து வராது. அதுக்கு ஸ்டேட்டிக் ஐபி காச கட்டிருங்க, தேவையான ஒரே ஒரு போர்ட்ட மட்டும் திறங்க, ரௌட்டர்ல யுபிஎன்பிய (புரோகிராம்கள் தானாவே போர்ட் திறந்துக்க விடுற வசதி) ஆஃப் பண்ணிருங்க.