தனிம வரிசை அட்டவணை சார்ட்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சுவரில் மாட்டும் சார்ட்டில் அதிகம் கைகொடுப்பதும் அதிகம் குழப்புவதும் ஒன்றேதான்: ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி. வலப்பக்கம் போகப்போக அணு ஆரம் குறையும், அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) கூடும்; தொகுதியில், அதாவது செங்குத்து நிரலில், கீழே இறங்கினால் நேர்மாறு. பத்தாம் வகுப்புக்கு இது போதும். பதினொன்றில் பெரிலியம், போரான் கேள்வி வந்தால் அம்பு காலை வாரிவிடும்.

இரண்டாம் வரிசையின் முதல் அயனியாக்கும் ஆற்றலைப் பாருங்கள் (கிலோஜூல்/மோல்): லித்தியம் 520, பெரிலியம் 899, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃப்ளூரின் 1681, நியான் 2081. இரண்டு இடத்தில் சறுக்குகிறது. பெரிலியம் இழப்பது 2எஸ் எலக்ட்ரான், போரான் இழப்பது 2பி எலக்ட்ரான் (எஸ், பி, டி என்பவை எலக்ட்ரான்கள் இருக்கும் ஆர்பிட்டால்களின் வகைகள்). 2எஸ்-ஐவிட அதன் ஆற்றல் மட்டம் உயர்ந்தது, உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பிலிருந்து அதை மறைக்கவும் செய்கின்றன. ஆக்சிஜனில் ஒரு 2பி ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்கள் நெருக்கியடிக்கின்றன. அந்த விலக்கு விசையால் ஒன்று எளிதில் கழல்கிறது. நைட்ரஜனின் 2பி-ஐக் காட்டி ‘பாதி நிரம்பினால் நிலைப்புத்தன்மை’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த விலக்கு விசையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சார்ட்டுக்குப் பக்கத்தில் முதல் அயனியாக்கும் ஆற்றலின் வரைபடம் ஒன்றை ஒட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஏ4 கிராஃப் தாளை நெடுக்காக வையுங்கள். ஒரு தனிமத்துக்கு 8 மி.மீ., 100 கிலோஜூலுக்கு 1 செ.மீ. முதல் 20 தனிமங்களும் அடங்கும். உச்சியில் ஹீலியம் 2372. ஒவ்வொரு கார உலோகத்திலும் கோடு பள்ளத்தில் விழுவது கண்ணில் பட்டபின், புது ஆற்றல் மட்டம் என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

தொகுதி அம்பையும் அப்படியே நம்ப முடியாது. அலுமினியம் 578, அடியிலுள்ள காலியம் 579: குறையவே இல்லை. இடையில் வந்த 3டி எலக்ட்ரான்களுக்கு மறைக்கும் திறன் குறைவு. எலக்ட்ரான் நாட்டத்தில் (ஒரு எலக்ட்ரானைச் சேர்த்துக்கொள்ளும்போது வெளிவரும் ஆற்றல்) குளோரின் (349) ஃப்ளூரினை (328) முந்துகிறது. ஃப்ளூரின் அணு அவ்வளவு சிறியது, வந்து சேரும் எலக்ட்ரானுக்கு அங்கே இடநெருக்கடி. ஆரத்திலும் இதே கதை: சிர்கோனியம் 160, அதன் அடியிலுள்ள ஹாஃப்னியம் 159 பிக்கோமீட்டர். இடையில் வரும் லாந்தனைடு தனிமங்களில் அணு சுருங்கிக்கொண்டே போவதுதான் (லாந்தனைடு குறுக்கம்) காரணம்.

வாங்கும்போது 113, 115, 117, 118 கட்டங்களைப் பாருங்கள். நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனசான் என்ற பெயர்கள் 2016 நவம்பரில் உறுதியானவை. தற்காலிகப் பெயர் இருந்தால் பழைய சரக்கு. அணு ஆரம் அச்சிட்டிருந்தால் நியானைப் பாருங்கள். ஃப்ளூரினைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால், சகப்பிணைப்பு ஆரத்தோடு (பிணைந்த அணுக்களில் அளப்பது) வாண்டர்வால்ஸ் ஆரத்தை (பிணையாத அணுக்களில் அளப்பது) கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் பின் பெஞ்சுக்கு எதுவும் தெரியாது.