கிறிஸ்து பிறப்புப் பாட்டு: வெண்பாவா, விருத்தமா?

மதுரையில் எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவில் டிசம்பர் வந்தாலே இந்தக் கேள்விதான்: இந்த இரண்டு செய்யுள் வடிவங்களில் எதில் எழுதுவது?

தளை (ஒரு சீர், அதாவது அடியின் ஒரு துண்டு, அடுத்த சீரோடு இணையும் முறை): வெண்பா கறார். நான் எழுதிய குறள் வெண்பா (இரண்டடி வெண்பா) இது:

மாட்டுத் தொழுவில் மலர்ந்த மகவுக்குப்
பாட்டுத் தொடுத்தோம் பணிந்து.

'தொழுவில்' இருந்த இடத்தில் 'கொட்டிலில்' என்று போட்டுப் பாருங்கள். 'மாட்டு' மாச்சீர், அதாவது நேரசையில் முடியும் ஈரசைச் சீர்; அதன் பின் 'தொழு' போன்ற நிரையசை (ஈரெழுத்து அசை) வரவேண்டும். 'கொட்' என்ற நேரசை (ஓரெழுத்து அசை; ஒற்று கணக்கில்லை) வந்து தளை உடைந்துவிடும். விருத்தத்துக்கு நான்கடியும் அளவொத்து வந்தால் போதும்.

எதுகை (அடிகளின் முதற்சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது): குறளுக்கு மாட்டு, பாட்டு என இரண்டே. விருத்தத்துக்கு நான்கு வேண்டும். நான்காவதைத் தேடும்போதுதான் ஒட்டாத சொல் நுழைந்து பக்தியைக் கெடுக்கிறது.

பாடுவதற்கு: சந்தேகமே இல்லை, விருத்தம். மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்த வீரமாமுனிவர், 3615 பாடல்கள் கொண்ட சூசையப்பர் காப்பியமான தேம்பாவணிக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டார்.

வாழ்த்து அட்டைக்குக் குறள் வெண்பா எழுதுங்கள். நள்ளிரவுத் திருப்பலியில் ராகம் இழுத்துப் பாட விருத்தம்.